நாங்கன்னா யாரு

ஜனவரி 8

கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் அவரும் மகளும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினம் காலை வழிபாட்டில் கேட்டுக்கொள்கிறேன்.

போனில் பேசலாமே என்பாய். போன வாரம் கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம்க்கா" என்றாய். அந்த நிமிஷம் இன்னும் முடியவில்லை. தவிர, இந்த வீட்டுப் போன் கம்பெனி கொடுத்தது. கம்பெனி போனிலேயே கம்பெனியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை. கடிதம் என்றால் நீ உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

கம்பெனியின் எல்லாச் சலவைக் கூடங்களுக்கும் இனி நீதான் செயல் இயக்குநர் என்று அவர் வந்து சொன்னார். ஆண்டவன் கண் திறந்தான். ஒரே ஒரு கூடமாக இருந்த கம்பெனி, மருத்துவமனைகளும் விடுதிகளும் விரிப்பையும் தலையணை உறையையும் வெளியே வெளுக்கக் கொடுக்க ஆரம்பித்த பிறகு எட்டுக் கூடமாகிவிட்டது. அதில் ஒன்றுக்கு மேலாளர் உன் அத்தான். ஆக, என் தம்பி என் வீட்டுக்காரருக்கு மேலதிகாரி. இதை வீட்டில் இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நல்லது, திறமைக்குக் கிடைச்சது" என்றார் அவர். சொல்லிவிட்டு, மூக்கில் மாட்டியிருந்த கண்ணாடியை வீடு முழுக்கத் தேடினார்.

வழிபாட்டுக் கூடத்தில் என்னோடு உட்காரும் பெண்களில் பாதிப் பேர் அவரிடம் விரிப்பு மடிக்கிறவர்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பாளே, கணீர் என்று கூப்பிடுவோமே, அவள் கேட்டாள்: "உங்க தம்பி பெரிய ஆளா வந்துட்டாராமே. எங்களுக்கு வரமா, வெட்டா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தான் உன்னைவிட மூத்தவர். அதிகாரம் பண்ணும் இடத்தில் அதை மறந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்தது. எல்லோரும் நலம். குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கம்பெனி வளர்ந்த வேகத்துக்குப் புதுச் சட்டை தைக்காமல் பழைய சட்டைக்கே ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். எட்டுக் கூடத்தில் எட்டு விதமாக மடிக்கிறார்கள். ஓரிடத்தில் கறைத் துணியை முதலிலேயே பிரிக்கிறார்கள், இன்னோரிடத்தில் வெளுத்த பிறகு பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே வழிக்குக் கொண்டுவரத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். மேலாளர்களிடம் பேசினால் நேரே "சரி சார்". நான் வண்டி ஏறியதும் பழையபடி. எனக்கு வரும் அறிக்கைகளைப் படித்தால் எட்டுக் கூடமும் சொர்க்கம். சொர்க்கத்தில் இவ்வளவு விரிப்பு எப்படிக் காணாமல் போகிறது என்று தெரியவில்லை.

அத்தான் உடம்பு எப்படி? வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருகிறார்? களைப்பாக இருக்கிறாரா? வீட்டில் வேலையைப் பற்றிப் பேசுவாரா? மடிக்கும் பெண்கள் புது முறையைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள்? உனக்குக் காதில் விழுவதை எழுது. மகளுக்கு என் ஆசி.

தம்பி


பிப்ரவரி 12

கடவுள் துணை

தம்பிக்கு அக்கா. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. முழங்கால் படி ஏறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்கிறது.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். அவர் முன்பு எட்டு மணிக்கு வருவார். இப்போது ஐந்தரைக்கே வந்துவிடுகிறார். சாயங்கால லோடு குறைந்துவிட்டதாம். வீட்டில் வேலைப் பேச்சு எடுப்பதில்லை. எடுத்தாலும் தலைமை அலுவலகத்தை 'அவங்க' என்றுதான் சொல்வார், பக்கத்து வீட்டோடு சண்டை போட்டவர் மாதிரி.

நீ கொண்டுவந்த புது மூன்று மடிப்பு நல்ல மடிப்புதான் என்று பெண்கள் ஒத்துக்கொள்கிறார்கள். தோள்வலி குறைந்திருக்கிறதாம், மேசையும் சீக்கிரம் காலியாகிவிடுகிறதாம். "மேசை சீக்கிரம் காலியாகிறது நல்லதா கெட்டதா, தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்கிறாள் கணீர். கேட்டுவிட்டேன், சொல்.

இன்னொன்று. சலவைக் கூடத்து வாசலில் 'நாம் மாறுவோம், நாம் வளர்வோம்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். நான் உன் மாதிரி படித்தவள் இல்லை, கையில் கிடைத்ததை வாசித்து வாசித்துக் கற்றுக்கொண்டவள். எனக்குத் தெரிந்த மட்டில் 'நாம்' என்றால் எதிரில் நிற்கிறவரையும் சேர்த்து. 'நாங்கள்' என்றால் அவரைத் தள்ளி வைத்து. சுவரில் இருக்கும் 'நாம்' யாரையெல்லாம் சேர்த்தது? வீட்டுச் செலவில்கூட மொத்தம் என்று போட்டால் எதையெதைக் கூட்டினேன் என்று பக்கத்தில் எழுதி வைப்பேன்.

முன்பெல்லாம் உன் கடிதத்தில் ஒரு கேள்விதான் இருக்கும், 'என்ன அனுப்பட்டும்' என்று. இப்போது பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறது. ஏன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் நலத்தையே நாடுகிறேன்.

அந்த 'நாம்' என் கைவேலை. முன்பு சுற்றறிக்கையெல்லாம் 'நிர்வாகம் முடிவு செய்துள்ளது' என்றே வரும். படிக்கிறவன் அந்த இடத்திலேயே முறைத்துக்கொள்வான். அதை அடித்துவிட்டு 'நாம்' என்று போடச் சொன்னேன். ஒரு வார்த்தையில் பாதி எதிர்ப்பு அடங்கிவிடுகிறது. நீ இலக்கணம் பார்ப்பாய் என்று நினைக்கவில்லை.

கணீரிடம் சொல், மேசை காலியாவது எப்போதும் நல்லதுதான் என்று.

சாயங்கால லோடு குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அப்படியானால் மடிப்புப் பெண்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள்? சும்மா கேட்டேன். அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 21

கடவுள் துணை

தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம்.

'சும்மா கேட்டேன்' என்று எழுதுகிறவன் சும்மா கேட்பதில்லை. நேற்று அவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி எல்லார் முன்னாலும், "நீங்கதான் அஞ்சரைக்கே வீட்டுக்குப் போயிடறீங்களே, அப்புறம் இந்தக் கூடத்துக்கு ரெண்டாவது ஷிப்ட் எதுக்கு?" என்று கேட்டாராம். அந்த ஐந்தரை உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதினேன். வேறு யார் எழுதியிருக்க முடியும்? நான் என் தம்பிக்குக் கடிதம் எழுதினேனா, கம்பெனிக்கு மனுப் போட்டேனா?

அவர் என்னைத் திட்டவில்லை. "உன் தம்பிக்கு என் உடம்பு மேல ரொம்ப அக்கறை" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது ஊரே சந்தேகப்படுகிறது. கணீருக்கு ஒரு பெரிய விடுதியில் விரிப்பறை மேற்பார்வை வேலை வந்திருக்கிறது. போவதா இருப்பதா என்று என்னிடம் வந்து நின்றாள். "நீங்க ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம். உண்மையைச் சொல்லுங்க, கூடத்தை மூடுவாங்களா?" நான் அவரிடம் கேட்டேன். "நான் இருக்கேன்ல?" என்றார். அது போதாதா எனக்கு? மறுநாள் வழிபாடு முடிந்ததும் எல்லாப் பெண்களிடமும் சொன்னேன்: "ஆண்டவன் சாட்சி. என் வீட்டுக்காரர் இருக்கிறவரைக்கும் மூட விடமாட்டார்." கணீர் அன்றே விடுதிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நான் கொடுத்த வாக்கு இது, தம்பி. கொடுத்துவிட்டு உன்னைக் கேட்கிறேன். மூடுவீர்களா, மாட்டீர்களா? ஒரு வார்த்தை போதும்.

அக்கா


ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்குப் பொறுத்தருளவும். தொடர்ந்து பயணம்.

தங்கள் கடிதத்தின் எந்தப் பகுதியும் எந்தக் கூட்டத்திலும் பயன்படுத்தப்படவில்லை. தாங்கள் குறிப்பிட்ட நேர விவரம் அலுவலகத்துக்கு முன்னதாகவே வேறு வழியில் வந்துவிட்டது. அது எந்த வழி என்று நான் சொல்வது முறையாகாது. கூடங்களின் எதிர்காலம் பற்றி முடிவான அறிவிப்பு உரிய காலத்தில் வெளியாகும். பணியாளர்களுக்குத் தாங்கள் வாக்கு எதுவும் தராமல் இருந்திருக்கலாம்.

குழந்தை நன்றாக இருக்கிறான். அத்தானின் உடல்நலம் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தம்பி

(இதைத் தட்டச்சு செய்யக் கொடுத்துவிட்டேன், அக்கா. கீழே மட்டும் என் கையால். அத்தானையே ஒருமுறை கேட்டுப் பார்.)


மே 6

கடவுள் துணை

தம்பிக்கு அக்கா. 'தாங்கள்' என்று எழுதியிருந்தாய். உன் மூக்கைச் சிந்திவிட்டவளுக்குத் தாங்களா? மறைப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் உனக்கு மரியாதை வரும். சின்ன வயதிலும் அப்படித்தான்.

அத்தானைக் கேட்கச் சொன்னாய். கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள், "அப்பா, உங்க கூடத்துக்குப் புது உலர்த்தும் மெஷின் வருதாமே?" என்றாள். அவர் தட்டைப் பார்த்தபடியே, "இங்க எதுக்கு அது? நாங்க எல்லா லோடையும் ஆத்தங்கரைக் கூடத்துக்குத்தானே கொண்டுபோறோம்" என்றார்.

சொன்ன பிறகு தண்ணீர் கேட்டார். தண்ணீர் கையருகிலேயே இருந்தது.

"நாங்கன்னா யாரு?" என்று கேட்டேன்.

"எந்த நாங்க?"

"இப்பச் சொன்னீங்களே. எப்பவும் அவங்க கொண்டுபோறாங்கன்னுதானே சொல்வீங்க."

"ஏதோ வாய் தவறி வந்துடுச்சு. அதுக்கு ஒரு விசாரணையா?"

"வாய் தவறினா பழகின வார்த்தைதான் வரும். இத்தனை வருஷமா நீங்க பழகினது அவங்க. இந்த நாங்கவை எங்க பழகினீங்க?"

மகள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அவர் பாதிச் சாப்பாட்டில், "சந்தேகம் வந்துட்டா உனக்கு உப்புகூடக் கரிக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்த 'நாங்க'வுக்குள் நான் இல்லை. மகள் இல்லை. மடிக்கிற பெண்கள் இல்லை. பிறகு யார் இருக்கிறார்கள்? நீ இருக்கிறாயா?

விடுதிக்காரர்கள் அந்த இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று கேள்வி. அதனால்தான் அவசரப்படுகிறேன். மறுதபாலில் எழுது. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு.

அக்கா


மே 13

அக்கா,

நேற்றுதான் கடிதம் வந்தது. இன்றே எழுதுகிறேன். எல்லோரும் நலம்.

உங்கள் ஊர்க் கூடத்தை மூடுகிறோம். ஆற்றங்கரைக் கூடத்தைப் பெரிதாக்கி, மூன்று ஊர் லோடையும் அங்கே கொண்டுபோகிறோம். இது நான் போட்ட திட்டம் இல்லை. நான் பதவிக்கு வரும்போதே மேசையில் இருந்தது. எழுதியவர் அத்தான். அந்த ஐந்தரையும் அவர் எழுதியதுதான். இரண்டாவது ஷிப்ட் தேவையில்லை என்று காட்டுவதற்காகச் சாயங்கால லோடை அவரே குறைத்து வந்தார். பெரிய கூடத்துக்கு அவரைத்தான் தலைமை மேலாளராகப் போடப்போகிறோம். "அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ வாய் திறக்காதே" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். இன்று சொல்வார், நாளை சொல்வார் என்று நானும் இருந்துவிட்டேன். உன் சந்தேகம் முழுக்க என் மேல் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா இருந்தார் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது.

நானும் யோக்கியன் இல்லை. உன்னிடம் அத்தனை கேள்வி கேட்டது அவர் அறிக்கையைச் சரிபார்க்கத்தான். பெண்கள் எல்லாரும் ஒத்துழைக்கிறார்கள், யாருக்கும் மனக்குறை இல்லை என்று எழுதியிருந்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அறிவிப்பு ஜூலை முதல் தேதி. அதற்குள் மருத்துவமனை ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். இப்போதே வெளியே தெரிந்தால் மடிக்கும் பெண்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மருத்துவமனையில் நோயாளியை வெறும் மெத்தையில் படுக்கவைக்க வேண்டி வரும். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, நிஜம் அதுதான். அதுவரை உனக்குள்ளேயே வைத்துக்கொள். பெண்களுக்குச் சேர வேண்டியது சேரும்படி நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


ஜூன் 12

அன்புள்ள அக்கா,

நலமா? ஒரு மாதமாக உன் பதில் இல்லை. நீ இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததில்லை.

மடிப்புப் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு ஒரு மனு அனுப்பியிருக்கிறார்கள். கூடம் மூடப்போவது தெரியும் என்கிறார்கள். மருத்துவமனை விரிப்பை நிறுத்த மாட்டார்களாம். ஆனால் வேலை போகிறவர்களுக்கு என்ன வழி என்று எழுத்தில் கேட்கிறார்கள். முதல் கையெழுத்து கணீருடையது. மருத்துவமனைக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எப்படிக் கசிந்தது என்று இங்கே விசாரணை.

அத்தானின் வீட்டிலிருந்து போயிருக்குமோ என்றுதான் முதலில் பேச்சு. அப்படியானால் அவருக்குப் புதுப் பதவி கிடையாது. அத்தான் வேறு மாதிரி சொல்கிறார். தன் அறைத் திரைச்சீலையை மாற்ற வந்த கணீர் மேசைமேல் இருந்த காகிதங்களைப் பார்த்திருக்கலாம் என்கிறார். அப்படியானால் அவளுக்குப் பெரிய கூடத்திலும் இடம் இல்லை.

நீ ஒரே ஒரு வரி எழுத வேண்டும். 'நான் யாரிடமும் சொல்லவில்லை' என்று. அதைக் கோப்பில் வைத்து உன் வீட்டு விஷயத்தை முடித்துவிடுவேன். சொல்லியிருந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. ஜூன் முடிவதற்குள் வேண்டும்.

தம்பி


ஜூன் 18

கடவுள் துணை

தம்பிக்கு அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நான்தான் சொன்னேன். உன் மே மாதக் கடிதம் வந்த அன்று மாலையே சொன்னேன். நீ கேட்ட வரிக்குப் பதிலாக இதைக் கோப்பில் வை. என் வீட்டுக்காரர் சொல்லவில்லை. கணீர் எந்தக் காகிதத்தையும் பார்க்கவில்லை. இயக்குநரின் அக்கா, மேலாளரின் மனைவி, நான் என் வாயால் சொன்னேன்.

கணீரை வழிபாட்டுக் கூடத்து வாசலில் நிறுத்தினேன். "நான் உனக்குச் சொன்னது தப்பு. கூடத்தை மூடறாங்க" என்றேன்.

"உங்க வீட்டுக்காரர் விடமாட்டார்னீங்களே?"

"அவர்தான் முதல்ல எழுதிக் கொடுத்தவர்."

"ஆண்டவனைச் சாட்சிக்கு இழுத்தீங்களேக்கா. வீணா வந்துட்டுப் போனாரே, அவருக்குச் சாட்சிப் படிக்காசு யாரு குடுக்கிறது?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. விடுதிக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். அதற்கு முந்தின வாரம்தான் வேறொருத்தியை எடுத்துவிட்டார்களாம்.

அன்றைக்கே வேலையை நிறுத்திவிடலாம் என்று இரண்டு மூன்று பேர் குதித்தார்கள். தடுத்தது யார் என்று நினைக்கிறாய்? கணீர். "நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல நம்ம வீட்டு ஆளே படுத்திருக்கலாம். விரிப்பு போகட்டும். கேக்கறதை எழுதிக் கேப்போம்" என்றாளாம். அவளைத்தான் உங்கள் விசாரணையில் திருடி மாதிரி நிறுத்தியிருக்கிறீர்கள்.

நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கணீரைக் கை காட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"பார்த்திருக்கலாம்னுதான் சொன்னேன். பார்த்தான்னு சொல்லலை."

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. உண்மையையும் பக்கத்துல விடமாட்டீங்க."

"நான் எழுதலைன்னாலும் அந்தக் கூடத்தை மூடத்தான் போறாங்க. நான் எழுதினதால நமக்காவது ஒரு இடம் மிஞ்சுது. மக படிப்பு இருக்கு. யோசிச்சு எழுது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

அவர் எனக்குப் பின்னால் செய்ததை நான் அவருக்குப் பின்னால் செய்யக் கூடாது. ஆகவே இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டாமல், அவர் கையிலேயே கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். படித்துக்கொள்ளட்டும். நீ கேட்டபடி ஜூன் முடிவதற்குள் வந்து சேர்ந்துவிடும். குழந்தைக்கு முத்தம்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

நலம். உன் கடிதம் நேற்று வந்தது.

ஜூன் முடியும்வரை பார்த்தேன். இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் அத்தான் எடுத்து, நீ வழிபாட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். பதில் வராததையே 'சொல்லவில்லை' என்று எடுத்துக்கொண்டு விசாரணைக் கோப்பில் எழுதிவிட்டார்கள். எழுதியவர்களில் நானும் ஒருவன். விரிப்பு நிற்காது என்று பெண்கள் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு மருத்துவமனைக்காரர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். முதல் தேதி அறிவித்தோம். மடிக்கும் பெண்களில் விருப்பப்பட்டவர்களுக்குப் பெரிய கூடத்தில் வேலை, போக வர வண்டி. எழுத்தில் கொடுத்தாயிற்று. கணீருக்கு மட்டும் இல்லை. அத்தானைத் தலைமை மேலாளராக அறிவித்தோம். கை தட்டினார்கள்.

உன் கடிதத்தின் மேல் ஜூன் 18 என்று இருக்கிறது. உறையின் மேல் உங்கள் ஊர்த் தபால் முத்திரை ஜூலை 2. ஒழுங்காக ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு எழுத்துகூட அடிக்கப்படவில்லை.

இதை இப்போது கொண்டுபோய் வைத்தால் கணீர் மேல் உள்ள பழி போகும். அத்தான் பதவி போகும். நான் கையெழுத்திட்ட விசாரணை பொய் என்றாகும், என் மேலும் கேள்வி வரும். வைக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

தம்பி


ஜூலை 10

கடவுள் துணை

தம்பிக்கு அக்கா எழுதுவது. நானும் மகளும் சுகம். நீ இந்தத் தடவை அத்தான் உடம்பை விசாரிக்கவில்லை. அவரும் சுகம்தான், நன்றாகச் சாப்பிடுகிறார்.

கொண்டுபோய் வை. என்னைக் கேட்காமலே வைத்திருக்கலாம். கேட்டுவிட்டால் பாரம் என் தலைக்கு வந்துவிடும் என்று கேட்டாயோ என்னவோ, அப்படியும் ஒரு சந்தேகம் வந்தது. வந்தால் வரட்டும், சுமக்கிறேன். கணீருக்கு அவள் இடத்தை எழுத்தில் கொடுங்கள். போவதும் போகாததும் அவள் இஷ்டம்.

உன் கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். முத்திரைத் தேதி வருகிற இடத்தில் நின்றுவிட்டார். பிறகு மடித்து வைத்துவிட்டு, "கிழிச்சுப் போட்டிருக்கலாம். கிழிக்கலையே" என்றார்.

"அதுதாங்க எனக்கும் புரியலை" என்றேன்.

பெரிய கூடத்துப் பக்கம் வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டாராம். மகள் பள்ளி முடிகிறவரை நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கணீர் இன்னும் என்னோடு பேசவில்லை. வழிபாட்டில் அவள் பாட்டை எடுத்துக் கொடுக்கிறாள், நான் பின்வரிசையில் சேர்ந்து பாடுகிறேன். உன் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. வேறு யாராவது சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அக்கா

இதைத் தபால் நிலையத்து மேசையில் நின்று சேர்த்து எழுதுகிறேன். கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார். "குடு, நான் அந்தப் பக்கமாத்தான் போறேன், போட்டுடறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.